மூன்றாம் ஓலைக்கு முன்னர்

உப்பளம் என்னும் பகுதியில் வாழ்ந்த ஒகுஸ்த் என்பவர் பிரெஞ்சு இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்த அவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டில், தமது ஐம்பத்தாறாம் வயதில், மறுமணம் செய்துகொள்ளத் தீர்மானித்தார். மணமகள் மர்த் அம்மையாரும் துணையை இழந்தவரே. மருத்துவமனையின் ஆண் நோயாளிகள் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் நர்சாக இருந்தவர்.

மாதா கோவில் வழக்கப்படி திருமண ஓலை மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்பட வேண்டும். இம்மணத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தோர் தெரிவிக்கலாம் என்று சாமியார் சபையை நோக்கிக் கூறுவார். முதல் ஓலை இனிதே முடிந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது.

"என் தங்கை ஜெயத்துக்கு நீர் அனுப்பிய படம் என்னிடம் உள்ளது. உடனே இருநூறு ரூபாய் மணியார்டர் செய்க. தவறினால் படம் சாமியாருக்குப் போகும். க. கண்ணையன், முதலியார்பேட்டை."

ஒகுஸ்த் கடிதத்தை அவசரமாக மடித்து மறைத்தார். ஏனெனில் அந்தப் படம் உண்மையானது.

சனவரி மாதத்தில், மர்த்தை மணம் கேட்பதற்கு முன்னர், தனிமை தாளாமல் ஒரு வார இதழின் பேனா நண்பர் பகுதியைப் பார்த்து அவர் குமாரி ஜெயத்துக்கு எழுதினார். மூன்றாம் மடலில் குமாரி அவருடைய மீசையைப் புகழ்ந்தாள். ஐந்தாம் மடலில், ஆடையின் இடையூறின்றி ஒரு படம் வேண்டினாள். பிரெஞ்சு நகரமான தூலோனிலிருந்து மருமகன் கிளோத் கொண்டுவந்த, எடுத்த நொடியிலேயே படத்தை வெளியே தள்ளும் காமிரா வீட்டில் இருந்தது. ஒகுஸ்த் கதவைத் தாழிட்டார், ஆடைகளைக் களைந்தார். ஆயினும் வெறுந்தலையுடன் படத்துக்கு நிற்க இராணுவ ஒழுக்கம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே தொப்பியை அணிந்து, காமிராவின் தானியங்கி விசையை முடுக்கிவிட்டு, விறைப்பாக நின்று, சல்யூட் அடித்தார்.

அத்துடன் நின்றாரா? பென்சன் அலுவலகத்துக்கு எந்தப் படம் கொடுத்தாலும் அதன் பின்புறம் பெயர், பிறந்த தேதி, பென்சன் எண் மூன்றையும் எழுதவேண்டும் என்பது விதி. இருபது ஆண்டுப் பழக்கத்தால் கை தானாகவே எழுதிவிட்டது. இனி அப்படத்தில் இருப்பவர் வேறு எவரோ என்று மறுக்க வழியில்லை.

அவர் பணத்தை அனுப்பினார். இரண்டாம் ஓலைக்கு அடுத்த செவ்வாயன்று மீண்டும் கடிதம் வந்தது. இம்முறை ஐந்நூறு ரூபாய். இருநூறு கொடுத்தவர் ஐந்நூறும் கொடுப்பார் என்று கண்ணையன் கணித்திருந்தான். ஐந்நூறு கொடுத்தால் ஆயிரம் கேட்பான் என்பதை ஒகுஸ்தும் கணித்தார். கடிதங்களை எரித்துவிட்டுத் தூலோனுக்கே ஓடிவிடலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தார். அப்படி ஓடினால் மர்த் இல்லை. வியாழக்கிழமை காலை, சட்டைப்பையில் தீப்பெட்டியும் கையில் காகிதக் கட்டுமாக, அவர் மர்த்தின் வீட்டுக்குச் சென்றார்.

மர்த் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒகுஸ்த் உட்காரவில்லை. மேலதிகாரியிடம் தோல்வியை அறிவிக்கும் வீரனைப் போல் நின்று, தொப்பி வரை அனைத்தையும் ஒப்பித்தார். மர்த்தின் கை நின்றது.

"அந்தப் பொண்ணுக்கு எழுதனது எப்ப?"

"சனவரில, மதாம். உங்கள கேக்கறதுக்கு முன்ன."

மர்த் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "எங்கிட்ட பேசனதுக்கு அப்புறம்?"

"ஒரு வரி எழுதல."

மறுபடியும் அவரைக்காய் ஒடியும் ஓசை கேட்டது. ஒகுஸ்த் மூச்சு விட்டார்.

"முசே, இருபத்தாறு வருஷமா ஆம்பளைங்கள குளிப்பாட்டி இருக்கேன். ஒருத்தரும் சல்யூட் அடிச்சதில்ல." மர்த்தின் தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டபின் குரல் நர்சின் குரலாயிற்று. "இனிமே அவனுக்கு ஒரு பைசா போவக்கூடாது. பதிலும் எழுதக்கூடாது. அந்த தீப்பெட்டிய இப்படி குடுங்க, கடுதாசி ஒண்ணும் எரிய வேணாம். கையில இன்னா கட்டு?"

பென்சன்காரர் எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. கடிதங்கள், உறைகள், மணியார்டர் பெற்றதற்காகத் திரும்பி வந்த ரசீது ஆகிய யாவும் தேதி வாரியாக நூலில் கோக்கப்பட்டிருந்தன. மர்த் ரசீதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மெரட்டுறவன் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கான் பாருங்க. நீங்க வெக்கத்துல இத யாருக்கும் காட்டமாட்டீங்கன்னு அவனுக்கு அவ்ளோ தைரியம்."

முதலில் இருவரும் சாமியாரிடம் சென்றனர். அவர் கூரையை நோக்கியவாறு முழுவதையும் கேட்டார். பின்னர், சல்யூட் திருமணத்துக்குத் தடையன்று என்றும், உறை ஏதும் வந்தால் பிரிக்காமல் போலீசிடம் தருவதாகவும் கூறினார். அடுத்துக் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி புன்னகையின்றிப் புகாரை எழுதினார். அருகில் நின்ற சிவப்புத் தொப்பிக் காவலர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை கண்ணையன் பிடிபட்டான். அவனுக்குத் தங்கையே கிடையாது. மீசையைப் புகழ்ந்த மடல் உட்பட அனைத்தும் அவன் கைப்பட எழுதியவையே. இச்செய்தி ஒகுஸ்துக்குப் பறிபோன இருநூறு ரூபாயை விட அதிகம் வலித்தது. அவன் வீட்டுப் பிஸ்கட் டப்பா ஒன்றில் பதினான்கு ஆண்களின் படங்கள் அகப்பட்டன.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. தடை அறிந்தோர் உளரோ என்று சாமியார் வினவியபோது பின்வரிசையில் யாரோ இருமினார். ஒகுஸ்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த இருமல் வெறும் இருமலாகவே முடிந்தது. அம்மாதமே திருமணம் இனிது நிறைவேறியது.

வழக்கு முடிந்தபின் தம்பதியர் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டனர். மற்றப் பதின்மூன்று படங்களும் எவருடையவை என்று தெரியவில்லை. தம்முடையது என்று கேட்டு வரவும் எவரும் துணியவில்லை என்று இன்ஸ்பெக்டர் வருந்தினார்.

"உங்களுதுல மட்டும்தான் பேரு, நம்பர் எல்லாம் சரியா எழுதி இருந்துது" என்று பாராட்டி, உறையை நீட்டினார்.

ஒகுஸ்த் கை நீட்டுமுன் மர்த் அதை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை அணிந்து, படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, நோயாளியின் காய்ச்சல் அட்டையைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்.

"தொப்பி கோணலா இருக்கு" என்றார்.

ஒகுஸ்த் தம்மையறியாமல் தலையில் இருந்த தொப்பியை நேராக்கிக்கொண்டார்.