கதவுப் பக்கக் கண்

எல்லோரும் அவளைக் கரடிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. பதினாலு வருஷமாக அந்தக் காப்பகத்தில் அவளுக்கு ஒரே கூண்டு, ஒரே கரடி. அவள் வைத்த பேர் கிழவி. "வாடி கிழவி" என்றால் போதும், அது கம்பியருகே வந்து, எப்போதும் உட்காருகிற இடத்தில் தொப்பென்று உட்காரும். இவள் எதிரே நிற்பாள். இவளுக்கு இடக்கைப் பக்கம் கதவு, வலக்கைப் பக்கம் சுவர். அதனால் அவள் வாயில் கிழவிக்கு இடது வலது எல்லாம் வந்ததே இல்லை. கதவுப் பக்கக் காது, சுவர்ப் பக்கக் கால், அவ்வளவுதான்.

கிழவிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டிக்கொண்டு, யாரோ இடித்துவிட்ட மாதிரி திரும்பி உறுமும். பார்க்கச் சிரிப்பு வரும், வயிறும் எரியும்.

வெளியூரிலிருந்து கண் டாக்டரை வரவழைக்க ஏற்பாடாயிற்று. டாக்டரம்மா போனிலேயே உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, வயசான உடம்பு. இதயமும் சரியில்ல. ஒரே ஒரு தடவைதான் மயக்க மருந்து குடுக்கலாம், அதுல ஒரு கண்ணுக்குத்தான் நேரமிருக்கு. ரெண்டும் வெள்ளையா மூடிக் கெடக்கு, உள்ள நரம்பு உயிரோட இருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் வர்றப்ப அது மயக்கத்துல இருக்கும், அதனால நீங்கதான் முன்னாடியே ரூமை இருட்டாக்கி டார்ச் அடிச்சு, எந்தக் கண்ணு சிமிட்டுதுன்னு பாத்து எழுதி வைக்கணும்."

ஒரு நாள் இல்லை, ஏழு நாள் பார்த்தாள். சுவர்ப் பக்கக் கண் மருந்துக்குக்கூட அசையவில்லை. கதவுப் பக்கக் கண் ஏழு நாளும் சிமிட்டியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படிவத்தை எடுத்தால் அதில் இரண்டே கட்டம், இடது, வலது. கதவென்று எந்த மகராசன் கட்டம் போட்டு வைப்பான்? கூண்டுக்கு எதிரே நின்று, கதவு எந்தக் கைப் பக்கம் இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, இடது என்பதில் டிக் போட்டாள்.

மேசையில் கிழவி மல்லாந்து கிடந்தது. அங்கே கம்பியும் இல்லை, கதவும் இல்லை, சுவரும் இல்லை. பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தவளிடம் டாக்டரம்மா கேட்டாள்.

"இடதுதானே அக்கா?"

"ஆமா டாக்டரம்மா. ஏழு நாளும் பாத்தேன்."

பத்தாம் நாள், பழையபடி எதிரே நின்று டார்ச் அடித்தாள். அறுத்த கண் கழுவி வைத்த கண்ணாடியாகப் பளபளத்தது. சிமிட்டவில்லை. பக்கத்தில் வெள்ளை மூடிய கண் சிமிட்டியது. தன் இடக்கையைப் பார்த்தாள். அதற்கு நேரே இருந்தது கிழவியின் வலது கண். அடிப்பாவி, படிவத்தில் நீ எழுதியது உன் இடது அல்லவா!

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"இன்னொரு தடவை..." என்று இழுத்தாள் இவள்.

"வேண்டாங்க்கா. எழுந்திருக்காது. நானும் அந்தக் கண்ணைத் தொட்டுக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். திட்டு வாங்கலாம் என்றே மேனேஜரிடம் போனாள்.

"சார், தப்பு என்னோடது. கண்ணு மாறிப்போச்சு. கிழவிக்குப் பார்வை வரல."

மேனேஜர் கோபப்படவே இல்லை. "வாசல் போர்டுல என்ன போட்டிருக்கோம்? கண் அறுவை சிகிச்சை வெற்றி. பார்வை வந்துச்சுன்னு எங்கயாவது இருக்கா? போம்மா, நாளைக்கு விருந்தாளிங்க வராங்க. நல்ல புடவையா கட்டிட்டு வா."

வந்தார்கள். "வாடி கிழவி" என்றாள். அது குரலை நம்பி வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. கேமரா பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் கதவுப் பக்கக் கண் சிமிட்டியது.

"பாருங்க, கண்ணடிக்குது! என்னமா பாக்குது!" என்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாரி நெருப்பில் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

"அம்மா, நீங்களும் நில்லுங்க. கொஞ்சம் இடது பக்கம்" என்றான் போட்டோக்காரன்.

அவள் நகரவில்லை.

"யாரோட இடது?" என்று கேட்டாள்.

நல்ல ஜோக் என்று எல்லோரும் சிரித்தார்கள்.