முகம் பார்க்கும் வேலை

"இந்த எடையில பத்து குழந்தைங்க வந்தா, ஆறு வீட்டுக்குப் போகுது" என்று டாக்டர் கிருபானந்தம் சொன்னதுதான் தாமதம், ஷபீ அஹமதின் வாய் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் பாத்து சொல்லுங்க டாக்டர்" என்றுவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆம்பூர் தோல் மண்டியில் தலைமுடி நரைக்குமளவு தரகு பார்த்தவன். எதிராளி ஓர் எண்ணைச் சொன்னால் அது பேச்சின் தொடக்கம். அதையே முடிவென்று எடுத்துக்கொண்டவன் மறுநாள் மண்டி டீக்கடையில் தலைகாட்ட முடியாது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு எல்லா ஊர் வாயும் பழகியிருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கம்மி ஜாஸ்தி பண்றதுக்கு இது நான் வெக்கற வெல இல்ல பாய்" என்றார். "பாதி எங்க கையில இருக்குது, பாதி உங்க பொண்ணு கையில. ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு ஆறு. இந்த வாரத்த தாண்டிட்டான்னா ஏழு, அப்புறம் எட்டுன்னு ஏறும். நாள் போகப் போக அவளுக்குத்தான் மார்க்கெட்டு."

ஏழு மாதம் நிறையாத குழந்தை. மனைவி வஜீதாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்ததில் அவசரமாக வயிற்றைத் திறந்து எடுத்திருந்தார்கள். உப்பு போட்ட ஓர் ஆட்டுத்தோல் அதைவிடக் கனக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே அது கிடந்தது. அட்டையில் 'வஜீதாவின் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. பிறந்ததும் காதில் சொல்ல வேண்டிய பாங்கைச் சொல்லவில்லை, பெயரும் வைக்கவில்லை. பக்ரீத் முடிந்து மண்டியில் தோல் மலைமலையாகக் குவிந்து கிடந்த நேரம்; வருஷத்துச் சம்பாத்தியம் அந்தப் பதினைந்து இருபது நாளில்தான். அதை விட்டுவிட்டு தினமும் பள்ளிகொண்டா வழியாக பஸ் பிடித்து வந்தான் ஷபீ. வந்து நின்று, தன் குழந்தையை மட்டும் பார்க்கமாட்டான்.

மண்டியில் அரிச்சுவடி மாதிரி ஒரு பாடம் உண்டு. மனசுக்குப் பிடித்த தோல்கட்டை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. பிடிக்காத கட்டைத்தான் அவிழ்த்து, புரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆஹா என்று தலையாட்ட வேண்டும். போகிற போக்கில், "அந்த மூலையில கெடக்குதே, அது இன்னாத்துக்கு ஆவும்" என்று சலித்துக்கொண்டே கேட்டால் நினைத்த விலைக்குக் கைக்கு வரும். கண்ணில் ஆசை தெரிந்துவிட்டதோ, தீர்ந்தது. விற்கிறவன் அதைப் படித்துவிடுவான்.

முதல் பிரசவத்தில் ஷபீ இந்தப் பாடத்தை மறந்துபோனான். வஜீதாவுக்கு நாள் தள்ளிப்போன சேதி தெரிந்ததுமே வாணியம்பாடியில் தேக்குத் தொட்டிலுக்குச் சொல்லிவிட்டான். மண்டி முழுக்க பிரியாணி போட்டான். ஆண்பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்து, வந்த களைப்பு ஆறுவதற்குள் போய்விட்டது. ஊரார் விதி என்றார்கள். ஷபீயின் புத்தி வேறு மாதிரி ஓடியது. ஆசையைப் பச்சையாகக் காட்டினோம், மேலே இருப்பவன் விலையை ஏற்றிவிட்டான். இந்தத் தடவை அந்தத் தப்பு நடக்காது. கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று வாலாஜாபேட்டைக்காரர் ஒருவரின் பேரனை, "இன்னா நெறம், இன்னா கன்னம்" என்று புகழ்வான். தன் பெட்டியின் பக்கம் திரும்பினால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான்.

நர்ஸ் ஹெப்சி நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"பாய், உங்க குழந்த அந்தாண்ட இருக்குது."

"தெரியும் சிஸ்டர்."

"தெரிஞ்சும் பாக்க மாட்டேங்கறீங்க. பொம்பள புள்ளைன்னா கண்ணு வலிக்குதா?"

ஷபீ மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பேரம் நடக்கும்போது ரகசியத்தை வெளியே விடக் கூடாது. அதுவும் அதே பாடத்தின் இரண்டாம் வரி.

சேதி வார்டுக்குப் போயிற்று. கொண்டுபோனது அவனுடைய அக்கா குர்ஷித். அவளிடம் சொன்னால் ஜும்மா மசூதி ஒலிபெருக்கி தேவையில்லை. வஜீதா முகமெல்லாம் வீங்கி, எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்திருந்தாள்.

"ஏங்க, உங்க ஆபா சொல்றாங்க. நீங்க அவள பாக்கவே இல்லையாம்."

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது. அணிலாட்டம் ஒண்ணு" என்றான் ஷபீ. மேலே இருப்பவனுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

வஜீதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். போர்வைக்குள் தோள் குலுங்கியது. ஏமாற்ற நினைத்தது ஒருவனை, ஏமாந்தது இன்னொருத்தி என்று ஷபீக்கு உறைத்தது. நடுவழியில் பேச்சை மாற்றினால் இதுவரை காத்தது வீணாகிவிடுமே என்ற பயமும் கூடவே வந்தது. ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவள் கையருகே வைத்துவிட்டு வெளியே வந்தான். அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தும் வழி நெடுக எதையும் பார்க்கவில்லை.

வாரம் தாண்டியது. நடைக்கூடத்தில் எதிரே வந்த டாக்டர் விரல்களை விரித்து ஏழு காட்டிவிட்டுப் போனார். ஷபீ அதைக் கவனிக்காதவன்போலத் தரையைப் பார்த்தான். நெஞ்சு மட்டும் தனியாக ஓடிக் களைத்தது. அதற்கும் கொஞ்ச நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். குழந்தை தானே மூச்சு விட்டது. ஆனால் உடம்பில் சூடு நிற்கவில்லை.

"பெட்டிய விட நல்ல சூடு அம்மா நெஞ்சுதான்" என்றாள் ஹெப்சி. "உங்க வீட்டம்மாவுக்கு நேத்துலருந்து காய்ச்சல். அதனால நீங்க ஒக்காரணும். சட்டைய கழட்டிட்டு வாங்க."

"ஆபா இருக்குதே சிஸ்டர்."

"அவங்க இருமறது ரெண்டு மாடி கேக்குது."

"எவ்ளோ நேரம்? ஒரு அர மணி?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும். மண்டின்னு நெனச்சீங்களா?"

தோல் வாசம் போக வேண்டுமென்று ஷபீ குழாயடியில் கழுத்து சிவக்கத் தேய்த்துக் குளித்தான். நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, குழந்தையை அவன் வெற்று மார்பின்மேல் தவளைக்குட்டியைப்போல் கவிழ்த்து, துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினாள் ஹெப்சி. கனமே இல்லை. சூடான ஈரத்துணி ஒன்றை வைத்ததுபோல் இருந்தது. அவன் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல இன்னா பல்லியா இருக்குது? கீழ பாருங்க" என்றாள் ஹெப்சி. "இதுங்க தூக்கத்துல மூச்சு விட மறந்துடும். மிஷின் கத்தும், ஆனா லேட்டாத்தான் கத்தும். ஒதடு நீலமாச்சுன்னா ஒடனே உள்ளங்கால்ல சுண்டணும். மொகத்துலருந்து கண்ண எடுக்கக் கூடாது. அதான் உங்க வேல."

"பாக்காம, கைய வெச்சு மூச்ச தெரிஞ்சுக்கிட்டா ஆவாதா?"

"ஏன்?"

வேறு வழியில்லாமல் சொன்னான். தொட்டிலை, பிரியாணியை, மேலே இருப்பவனை, எல்லாவற்றையும். ஹெப்சி சிரித்துவிடுவாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை. கட்டிய முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"நெஞ்ச தொறந்து போட்டுக்கினு ஒக்காந்திருக்கீங்க பாய். இனிமே அவருகிட்ட இன்னாத்த மறைக்கப் போறீங்க?"

ஷபீ குனிந்தான். முதலில் தோள்தான் தெரிந்தது. முதுகெல்லாம் பூனைமயிர். சுண்ணாம்புத் தொட்டியில் தோலின் மயிர் நீக்குவதைப் பார்த்தே வளர்ந்தவன். இது தானாக உதிர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காது இன்னும் விறைப்பு ஏறாமல் தலையோடு ஒட்டி மடிந்திருந்தது. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் வஜீதாவின் சுளிப்பு இருந்தது. இத்தனை நாளாக இதையா பார்க்காமல் இருந்தோம்.

முகம் அமைதியாக இருந்தது. ரொம்ப அமைதியாக. உதட்டோரம் நாவல்பழச் சாறு பட்டதுபோல் ஒரு நிறம் படர்ந்தது. ஷபீ சுண்டினான். அசைவில்லை. மறுபடி சுண்டினான். மிஷின் அப்போதுதான் கத்தத் தொடங்கியது. எங்கோ தள்ளியிருந்து ஹெப்சி ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"பேட்டி, எம் மவளே, மூச்ச விடு. விடும்மா" என்றான். அடுத்து அவன் வாயிலிருந்து வந்தது எந்தத் தரகனும் மண்டியில் சொல்லாதது. "எனக்கு வேணும். நீதான் வேணும். வேற எதையும் நான் பாக்கல."

குழந்தை உடம்பை முறுக்கி, தும்மல்போல் ஒன்று போட்டு, மூச்சை இழுத்தது. நீலம் மெல்ல வடிந்தது. ஹெப்சி வந்து பார்த்து, "நல்லா பண்ணீங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் பயம் காட்டும்" என்று சொல்லி மிஷினை நிறுத்தினாள். ஷபீ குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மடிந்த காதின் அருகே வாயை வைத்து, மூச்சுக்காற்றுக்கும் கீழான குரலில் பாங்கைத் தொடங்கினான். நடுவில் குரல் உடைந்தபோது நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியதும் வஜீதாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள் குர்ஷித். உள்ளே விடமாட்டார்கள் என்று முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றுவிட, ஹெப்சி வஜீதாவை மட்டும், குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஷபீயின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏங்க" என்றாள் வஜீதா.

"செத்த பேசாத இரு" என்றான் ஷபீ, அவள் பக்கம் திரும்பாமலே. "பாத்துக்கினு இருக்கேன்."

வஜீதா கொஞ்ச நேரம் அவனை மட்டும் பார்த்தாள். பிறகு அவன் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள். குழந்தை ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்தது. மேலே இருந்த டியூப்லைட் வெளிச்சம் பட்டு அந்தக் கண் கூசிச் சுருங்கியது. ஷபீ கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினான். அவன் தலையின் நிழல் அந்தச் சின்ன முகத்தின்மேல் விழுந்தது. கண் மறுபடி, இந்தத் தடவை முழுசாகத் திறந்தது.