விலை ஏறும், செலவு ஏறாது

19 ஜூன் 2025, வியாழன். இன்று ஒரு பிழை செய்தேன். பதினான்காம் நபரிடம் செலவுக் கேள்வி கேட்டபோது, "ஆமாங்க்கா, எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். பதில் சொல்பவரிடம் நம் கருத்தைக் காட்டக் கூடாது என்று பயிற்சியில் இரண்டு முறை சொன்னார்கள். அவர் அதற்குள் பதிலைச் சொல்லி முடித்திருந்தார். அதனால் பதில் கெட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

எழுதி முடித்த செந்தமிழ், 'நினைக்கிறேன்' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு இழுத்தாள். உறுதியில்லாத இடங்களில் கோடு போடுவது அவள் பழக்கம். அந்த நோட்டில் கோடு இல்லாத பக்கம் குறைவு.

பி.காம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மாலையில் மரக்காணம் கடைத்தெருவில் வங்கித் தேர்வு வகுப்பு. பகலில், இந்த ஒரு மாதத்துக்கு மட்டும், கணக்கெடுப்பு வேலை. சென்னையிலிருந்து ஒரு தனியார் கம்பெனி இருபது பேரைக் கேட்டுவரச் சொல்லியிருந்தது. விலைவாசி இப்போது எப்படி, அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று மக்கள் நினைப்பதைக் கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். இருபதும் தேறினால்தான் பணம். இதெல்லாம் ரிசர்வ் வங்கிக்குப் போகிறது என்று சூப்பர்வைசர் சாலமன் சொன்னார். கம்பெனிக் காகிதத்தில் அப்படி எங்கும் போடவில்லை. அதையும் அவள் நோட்டில் எழுதி, கோடு போட்டு வைத்திருந்தாள்.

பதினான்காம் நபர் அம்சவல்லி. உப்பளத்தில் கூடை சுமப்பவள். விடியுமுன் பாத்தியில் இறங்கினால், வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தும் பத்தரை மணிக்குத்தான் கரையேறுவாள். வியாழக்கிழமை அப்படி ஏறிவந்து, கொட்டகை நிழலில் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது செந்தமிழ் போய் நின்றாள்.

"புயலுக்கு எழுத வந்தாங்களே, அந்த மாதிரியாம்மா?"

"இல்லைங்க்கா. இதுல பணம்லாம் வராது. வெலவாசி பத்தி நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறது?"

"பேங்குக்கெல்லாம் பெரிய பேங்கு பம்பாய்ல இருக்குதுல்ல. வட்டிய ஏத்தறதா எறக்கறதான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அங்க போவுதுன்னு சொல்றாங்க."

அம்சவல்லி பக்கத்திலிருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏ மாரியம்மா, பம்பாய்லேந்து என்னக் கேக்கறாங்கடி."

"பொண்ணா?" என்றாள் மாரியம்மாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "உம் புருஷங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு."

சிரித்து ஓய்ந்ததும் அம்சவல்லி கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். புயல் நிவாரணத்துக்கு எழுதியபோது ரேஷன் கார்டில் ஒரு வீட்டு எண்ணும் கதவில் வேறு எண்ணும் இருந்ததால் அவள் பெயர் விட்டுப்போயிருந்தது. "எம் பேர ஒழுங்கா எழுதிக்க" என்றாள்.

"பேரு கெடையாதுங்க்கா. நம்பர்தான். நீங்க பதினாலு."

"பதினாலு. சரி. அது நாந்தான்னு உனக்குத் தெரியும்ல? எத விட்டாலும் அத விட்டுடாத."

சதவீதம் என்று கேட்டால் புரியாது என்பதால், இன்று நூறு ரூபாய்க்கு வாங்கும் சாமான் அடுத்த வருடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள் செந்தமிழ். அம்சவல்லி அவசரப்படவில்லை. பருப்பு, எண்ணெய், மகன் போகும் ஸ்கூல் வேன் என்று ஒவ்வொன்றாக விரலில் போட்டுப் பார்த்தாள். "நூத்தி இருவது. தேங்காண்ணையத் தனியா கேக்காத, வயிறு எரியும்."

"அப்ப உங்க வீட்டுச் செலவு அடுத்த வருஷம் ஏறுமாங்க்கா?"

"ஏறாது."

"வெல ஏறும்னு சொன்னீங்களே?"

"வெல ஏறும். செலவு எப்டிம்மா ஏறும்? கூலி நானூறு. உப்பு மூட்ட வெல எறங்கிக் கெடக்குது, இப்பப் போயி கூலிய ஏத்துன்னா ஓனர் மூஞ்சியப் பாப்பானா? எண்ணெ ஏறுச்சுன்னா எண்ணெயக் கொறச்சுக்குவோம். இருக்கறத தானே செலவு பண்ண முடியும்."

அந்த இடத்தில்தான் செந்தமிழின் வாய் அவளைக் கேட்காமல் பேசிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் டேப்லெட்டில் பதினான்காம் எண் சிவப்பாக வந்து நின்றது. 'முரண்பட்ட பதில். திருத்தவும்.'  செந்தமிழ் உடனே சாலமனுக்குப் போன் போட்டாள். திண்டிவனத்தில் ஏதோ ஓட்டலில் இருந்தார். தட்டுச் சத்தம் கேட்டது.

"மேடம், வெல இருவது பர்சென்ட் ஏறும்ங்கறாங்க, செலவு ஏறாதுங்கறாங்க. ரெண்டும் சேந்து எப்டி மேடம்?"

"அவங்க அப்டித்தான் சார் சொன்னாங்க. வாங்கறதக் கொறச்சுக்குவாங்களாம். ரிமார்க்ஸ்ல விவரமா எழுதியிருக்கேன்."

"ரிமார்க்ஸ சாஃப்ட்வேர் படிக்காது. நானும் படிக்கறதில்ல, எதுக்குப் பொய் சொல்லணும். ஒண்ணு செலவு ஏறும்னு போடுங்க, இல்லன்னா வெலையக் கொறச்சுப் போடுங்க. ரெண்டும் வேணாம்னா ஆளையே மாத்திடுங்க. ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்கு லிங்க் மூடிடும்."

"சார், தப்பு என் மேலயா இருக்கும். நடுவுல நான் ஒரு வார்த்த பேசிட்டேன்."

என்ன வார்த்தை என்று கேட்டுக்கொண்டு அவர் சிரித்தார். "சாஃப்ட்வேருக்குக் காது கெடையாது மேடம். விடுங்க."

மாலை வகுப்பு பக்கீர் முஹம்மதுவின் ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கும். பாடம் எடுப்பதும் அவரே; இரண்டு முறை வங்கி நேர்காணல் வரை போய்த் திரும்பியவர். மக்கள் விலை ஏறும் என்று எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்று செந்தமிழ் கேட்டாள். அவர் உற்சாகமாகப் பலகையில் அம்பு போட்டார். எதிர்பார்ப்பிலிருந்து ஒரு அம்பு கூலி உயர்வுக்கு, அதிலிருந்து செலவுக்கு, அங்கிருந்து மறுபடி விலைக்கு. இந்தச் சுற்றை அறுக்கத்தான் வட்டியை ஏற்றுவது.

"கூலி கேட்டும் குடுக்கலன்னா சார்?"

அவர் பலகையைப் பார்த்தார். "அந்த அம்பு சிலபஸ்ல இல்லம்மா."

பின் பெஞ்சிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜான்சன் கையைத் தூக்கினான். "சார், இந்த வருஷம் மூணு தபா வட்டி ரேட்டக் கொறச்சாங்கன்னு நோட்ஸ் குடுத்தீங்க. என் ஆட்டோ டியூ ஒத்த ரூபா கொறயல."

"உன்னுது ஃபிக்ஸட் ரேட்டுப்பா."

"அப்ப யாருக்கு சார் கொறஞ்சுது?"

"எக்ஸாம்ல அப்டிக் கேக்க மாட்டான். இப்ப எவ்ளோன்னு கேப்பான். அஞ்சர. எழுதிக்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். செந்தமிழும் எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்தாள். ஒரு பக்கம்: விலை இருபது ஏறும், செலவும் ஏறும் என்று மாற்றினால், இவர்கள் கையில் காசு புரள்கிறது என்று மேலே நினைப்பார்கள், வட்டியை இறக்கத் தயங்குவார்கள். மறுபக்கம்: விலை அவ்வளவு ஏறாது என்று மாற்றினால், எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்பார்கள்; யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அம்சவல்லிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. நடந்தது எதுவோ அதை எழுதத்தான் கட்டம் இல்லை. தனக்குப் பொருளாதாரம் புரியவில்லையா, அதற்கு அம்சவல்லியைப் புரியவில்லையா என்று யோசித்தாள். தனக்குத்தான் புரியவில்லை என்று எழுதி, அதற்கும் கோடு போட்டாள்.

சனிக்கிழமை பத்தரைக்கு மறுபடி உப்பளத்துக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அம்சவல்லி சும்மாட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்புங்கறாங்களா?"

"தப்புன்னு இல்லைங்க்கா. ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலைன்னு."

"எனக்குந்தான் ஒத்து வரல."

"செலவு ஏறும்னு சொல்லித் தொலையேன்டி" என்றாள் மாரியம்மாள். "வாய் நோவுதா?"

"ஏறும்னா, இவகிட்ட காசு கீது, செலவு பண்றான்னு தானே நெனப்பாங்க?" அம்சவல்லி செந்தமிழைப் பார்த்துத்தான் கேட்டாள்.

செந்தமிழ் ஆமென்று தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது.

"வெலையக் கொறச்சுப் போட்டா?"

"வெல அவ்ளோ ஏறலன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்."

அம்சவல்லி மடியிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினாள். "அப்ப என்னைய எடுத்துடு. ரெண்டுமே வேணாம். கார்டுல தப்பா எழுதுனதே போதும், இன்னொரு தபா எம் பேர்ல பொய்யா ஒண்ணு எழுத வேணாம்." பிறகு ஞாபகம் வந்தவள்போல, "உனக்குக் காசு புடிச்சுக்குவாங்களா?"

"இல்லைங்க்கா. வேற ஒருத்தர எழுதிட்டா குடுத்துடுவாங்க."

"அப்ப சரி. போயி எழுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"என்னைய எழுதிக்கம்மா" என்றாள் மாரியம்மாள். "எனக்கு வெலயும் ஏறும், செலவும் ஏறும், சுகரும் ஏறும்."

"வேல செய்யற ஒரு எடத்துல ஒருத்தரத்தாங்க்கா எழுதலாம். இந்த எடம் முடிஞ்சுடுச்சு."

"யாரு எழுதனாங்க, முடியறதுக்கு?" என்று மாரியம்மாள் கேட்டாள். செந்தமிழ் டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மாலை வரை பதினான்கைத் தொடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திறந்தாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினாள். அதே சிவப்பு மறுபடி வந்தது. ரிமார்க்ஸில் தான் எழுதியிருந்த ஏழு வரியையும் ஒருமுறை படித்தாள். அதில் ஒரு சொல்லும் தப்பாகத் தெரியவில்லை. மறுபடி திறந்து, ஆம் என்று அழுத்தினாள். எண் காலியானது. பிறகு நோட்டை எடுத்தாள்.

21 ஜூன் 2025, சனி. பதினான்காம் படிவத்தை நீக்கினேன். அவர் சொன்ன பதில் எங்கும் போகாது. செய்தது சரியா என்று தெரியவில்லை.

நாளை: காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு, வலது வரிசை, மூன்றாம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பெண், தினக்கூலி, வயது முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்குள். படிவ எண் 14. பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.