மேடம் நேரில் வந்து பார்த்த ஆண்டு

ஆண்டின் கடைசி வாரம். குழந்தைகள் காப்பகத்தின் இயக்குநரான மேடம், நிர்வாகக் குழு அனுப்பியிருந்த படிவத்தை மேஜைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார். முடியப்போகும் ஆண்டைத் திரும்பிப் பார்த்து, வரும் ஆண்டுக்குத் திட்டம் எழுத வேண்டும். இந்த வேலை என்றால் மேடத்துக்கு உயிர். செய்ததையெல்லாம் வாயாரச் சொல்லிக்கொள்ள ஆண்டுக்கு ஒருமுறைதானே இடம் கொடுக்கிறார்கள்?

முதல் கேள்வி: சென்ற ஆண்டுத் திட்டத்தில் முழுமையாக நிறைவேறியது எது?

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "சின்னக் குழந்தைகள் மதியம் தூங்குவதில்லை. எனவே தினமும் நானே நேரில் போய்க் கண்காணிப்பேன்" என்று எழுதியிருந்தார். அப்படியே செய்தார். மணி ஒன்றடித்தால் போதும், இடுப்பில் பதினெட்டுச் சாவிக் கொத்து குலுங்கத் தூக்க அறையில் ஆஜர். 'நூற்றுக்கு நூறு' என்று எழுதி, ஆசை தீர அடிக்கோடும் போட்டார்.

இரண்டாவது கேள்வி: நிறைவேறாதது எது? ஏன்?

பேனா அங்கேயே நின்றுவிட்டது. குழந்தைகள் இன்னும்தான் தூங்கவில்லை. போதாக்குறைக்கு, தூக்க அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் காலையில் ஒரு கடிதத்தை நீட்டிவிட்டுப் போயிருந்தாள். "என்னால் முடியவில்லை. இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன்." குழந்தைகள் அவளைத் தூங்கக்கா என்று கூப்பிடுவார்கள். தூங்கக்கா போனால் அந்த அறைக்கு வேறு ஆள் கிடையாது. ஆள் இல்லையென்றால் அறையை மூட வேண்டியதுதான். மூன்று வயதுகூட ஆகாத பத்துப் பிள்ளைகளோடு பத்து அம்மாக்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

யார் தலையிலாவது பழியைப் போட்டாக வேண்டும். எதிர்க் கட்டடத்தில் சுவரைக் குடைகிறவர்கள் மேல் போடலாமா, புதிதாக வாங்கிய மெத்தைகள் மேல் போடலாமா என்று யோசித்துவிட்டு, ஆதாரத்துக்காகத் தூக்கப் பதிவேட்டை எடுத்தார். யார் எப்போது தூங்கினார்கள், எப்போது, எதனால் எழுந்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதச் சொல்லி ஆண்டுத் தொடக்கத்தில் அவரே கொடுத்த நோட்டு. கொடுத்ததோடு சரி. ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

முதல் பக்கத்தில் தூங்கக்காவின் குண்டு குண்டான எழுத்து.

"12.40 எல்லோரும் தூங்கினார்கள். 1.00 மேடம் வந்தார்கள். 1.01 எல்லோரும் எழுந்தார்கள்."

அடுத்த பக்கம்.

"12.35 எல்லோரும் தூங்கினார்கள். 1.00 மேடம் வந்து, எல்லோரும் தூங்குகிறார்களா என்று கேட்டார்கள். 1.01 இல்லை."

மேடம் மடமடவென்று புரட்டினார். மாதம் மாறியது, விஷயம் மாறவில்லை. நடுவில் கால் சுளுக்கி இரண்டு வாரம் அவர் வீட்டிலேயே கிடந்தது நினைவுக்கு வந்தது. அப்போதும் தூங்கியிருக்க மாட்டார்கள், தப்பித்தோம் என்று அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"1.00 மேடம் போன் செய்தார்கள். எழுந்தார்கள்." மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்: "போனை அணைத்து வைத்தேன். 2.30 வரை தூங்கினார்கள்." அதன்பின் விடுப்பு முடியும்வரை வரிசையாக 2.30. ஒரு பக்கத்தின் ஓரத்தில் சின்னதாகப் பூ வேறு வரைந்திருந்தாள்.

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. பிடித்தவரும் அவர்தான், அகப்பட்டவரும் அவர்தான். குழந்தைகள் சாப்பிட உட்கார்ந்ததும், சமையல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூங்கக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இத எங்கிட்ட வாயத் திறந்து சொல்லக்கூடாதா?"

"மூணு தடவ சொன்னேன் மேடம். நீங்க வந்தா பசங்க முழிச்சுக்கறாங்கன்னேன். 'கவலப்படாத, இன்னும் கொஞ்ச நேரம் கூட நின்னு பாக்கறேன்'னீங்க."

மேடத்துக்கு நினைவு வந்தது. நின்றும் பார்த்திருந்தார்.

"நான் மெதுவாத்தானேம்மா பேசறேன்?"

"நீங்க மெதுவாப் பேசறது சமையல்கட்டு வரைக்கும் கேக்கும் மேடம்." தூங்கக்கா தரையைப் பார்த்தாள். "தூங்காத புள்ளைங்க அஞ்சு மணி வரைக்கும் அழும். பத்தும் ஒண்ணா அழும். ஒண்ண இடுப்புல வச்சு, ஒண்ணத் தோள்ல போட்டு... எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே?"

மேடத்துக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் இவளை வதைத்துவிட்டு, அதற்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறோமே! படிவத்தை இழுத்து, 'நூற்றுக்கு நூறு' என்பதை அடித்தார். வரும் ஆண்டுக்கான கட்டத்தில் இப்படி எழுதினார்: "மதியம் 12.30 முதல் 2.30 வரை இயக்குநர் தூக்க அறைப் பக்கம் போக மாட்டார். போனும் செய்ய மாட்டார்."

தூங்கக்கா இரண்டு தடவை படித்தாள்.

"இன்னைக்கு மட்டும் ஒரு தடவ வாங்க மேடம். செருப்ப விட்டுடுங்க. சாவியக் கழட்டி வச்சுடுங்க. வாய..."

"பொத்திக்கறேன்" என்றார் மேடம்.

பன்னிரண்டே முக்காலுக்கு வெறுங்காலோடு உள்ளே போனார். பத்து மெத்தைகள், பத்துப் பிள்ளைகள். ஒன்று முழங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. ஒன்று பக்கத்துப் பிள்ளையின் காதைப் பிடித்தபடி தூங்கியது. கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் வாலு, பரம சாதுவாக வாயைப் பிளந்திருந்தான். பதினொரு வருடமாகக் காப்பகம் நடத்தும் மேடம், இந்த அறையில் ஒரு குழந்தை தூங்கிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் பார்க்கும்போதெல்லாம் விழித்திருந்ததால், தூங்கவே தெரியாத பிள்ளைகள் என்று முடிவு கட்டியிருந்தார்.

அவர் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சப் போனார். தூங்கக்கா பதறிப்போய், கைக்கு அகப்பட்ட குழந்தைத் துண்டை எடுத்து அவர் மூக்கில் அமுக்கினாள்.

மேடம் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டி, கண்ணாலேயே கேட்டார். தூங்கக்கா ஒரு நிமிடம் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். சந்தோஷம் தாங்காமல் மேடம் கடிதத்தை இரு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனதும், பாய்ந்து வந்து தடுத்தாள்.

"ஐயோ, இங்க வேணாம் மேடம்," என்று காதோடு சொன்னாள். "சத்தம் கேக்கும்."