கோட்டைக்குக் கீழே ஒரு நீலமணி

கரீபியக் கடலிலுள்ள ஸ்டேஷியா தீவின் பழைய கோட்டையைச் சுற்றிக் காட்டுவதுதான் கார்வினுக்குப் பிழைப்பு. பீரங்கிகளைக் காட்டுவான். அடிமைகள் சுமையோடு ஏறியிறங்கிய கல்பாதை வழியாகக் கரைக்கு அழைத்துப்போவான். கடலுக்குள் பாதி இடிந்து கிடக்கும் கிடங்குகளின் எதிரே நிறுத்தி நீலமணிக் கதையைச் சொல்வான். அடிமைகளிடம் காசாகப் புழங்கிய கண்ணாடி மணிகளை, விடுதலை கிடைத்த அன்று அவர்கள் கடலில் வீசினார்களாம். புயலடித்தால் இன்றும் ஒன்றிரண்டு கரையேறும். நாம் மணியைக் கண்டெடுப்பதில்லை, மணிதான் நம்மைக் கண்டெடுக்கும். அப்படிக் கிடைத்துவிட்டால் எங்கே போனாலும் தீவு திரும்ப இழுத்துக்கொள்ளும். இதைக் கேட்டதும் வந்தவர்கள் அத்தனை பேரும் குனிந்து மணலைத் துழாவுவார்கள், பாவம்.

அவன் மனதுக்குள் விரும்பியிருந்த அல்தியா, நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு நர்ஸ் வேலைக்குப் புறப்பட்டபோது, தனக்குக் கிடைத்திருந்த ஒரே மணியை அவள் உள்ளங்கையில் வைத்தான் கார்வின். அவள் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கையில் கொடுத்த மணி பலிக்காது என்பது தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆசை அவன் கண்ணை மறைத்துவிட்டது.

அதற்குப்பின் அவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கோட்டை வாசலில் ஜானி கேக் என்ற எண்ணெய் ரொட்டியைச் சுட்டு விற்கும் மிஸ் ஐனெஸ் விடாமல் சீண்டுவாள். "கடலையே பாத்துக்கிட்டு நிக்க அத்தனை பீரங்கி இருக்கு. நீ வேற எதுக்குப்பா?"

இப்போது அப்பாவை அடக்கம் செய்ய அல்தியா வந்திருந்தாள். மாலை விமானத்தில் திரும்புகிறாள். கரைவரை நடந்துவிட்டு வரலாமா என்று அவளே கேட்டதும் கார்வினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்பாதையில் இறங்கும்போது வாய் தன்பாட்டுக்கு அதைக் கட்டிய காலத்தைச் சொல்ல ஆரம்பித்தது.

"நான் இங்கயே பொறந்தவ. எனக்கே சுத்திக் காட்டுறியா?" என்றாள்.

போகாதே என்ற ஒரு சொல்தான் அவன் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் வரவில்லை.

கரையில் அவள் செருப்பைக் கழற்ற நின்றாள். அவன் முன்னால் போய், அவள் வரும் வழியில், ஈரமணலில் மணியை நழுவவிட்டான். இந்த முறை அவன் கொடுக்கவில்லை. அவளாகவே எடுக்கட்டும்.

அவள் வந்தாள். மணியருகே கால் நின்றது. வெகுநேரம் அதையே பார்த்தாள். குனிந்துவிடு என்று அவன் உள்ளுக்குள் கெஞ்சினான். அவள் குனிந்தாள். பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்து, மணியைத் தாண்டி வந்தாள்.

"நீதான் போட்டேன்னு தெரியும் கார்வின்."

"கையில குடுத்தாத்தான பலிக்காது? எடுத்திருக்கலாமே."

"எடுத்தா வந்துருவேன்டா. அங்க எனக்குப் புருஷன், புள்ள இருக்கு. அதான் எடுக்கல."

மறுநாள் கரையில் மணலைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண், உங்களுக்கு எப்போதாவது மணி கிடைத்ததா என்று கேட்டாள். சட்டைப்பைக்குள் விட்ட கையை எடுக்காமலே, இல்லை என்றான் கார்வின்.