வேலியில் காய்ந்த பழுப்பு அங்கி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னது. டப்ளினிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் லீட்ரிம் மாவட்டத்தில், நான் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் ஊரிலிருந்து ஆறு மைல் தள்ளி, டிம்ப்னாவும் அவள் கணவன் ஃபின்டனும் ஒரு பழைய கல் வீட்டை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் யாரிடமும் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்வார்கள். கத்தரி என் கையில் இருப்பதால் வரும் மரியாதை அது. அவள் சொன்னாள், நான் எழுதுகிறேன், அவ்வளவுதான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். (இந்தப் பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. பின்னால் ஒப்புக்கொள்கிறேன்.)

தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

"அந்த வீட்டின் கற்கள் பேசத் தொடங்கிய நாளில்—" கற்கள் எதுவும் பேசவில்லை. அடித்துவிட்டேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது." அன்று மழை பெய்யவில்லை என்பதால்தான் இவ்வளவும் நடந்தது. பெய்திருந்தால் நான் இதை எழுதாமல் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"டிம்ப்னா மிகவும் நல்லவள்." உண்மைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு யார் அடுத்த வரிக்கு வரப்போகிறார்கள்?

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன்.

2

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மேற்கு அறையில் ஃபின்டன் மச்சுப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக அந்த வீடு அவர்களுக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் துருப்பிடித்த கத்தரி, ஒரு டப்பா நிறையப் பொத்தான்கள், புகைபோக்கிக்குள் காக்கைகள் அடைத்து வைத்த மூன்று மூட்டைச் சுள்ளி, குழந்தையின் ஒற்றைக் காலணி.

(காலணியை அடித்துவிடுங்கள். அது கிடைக்கவில்லை. பழைய வீட்டைப் பற்றி எழுதினால் ஒற்றைக் காலணி கிடைத்தே ஆகவேண்டும் என்று என் கை தானாக எழுதிவிட்டது.)

கடைசிப் பலகைக்கு மேலே தட்டையான அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. நூலால் நான்கு பக்கமும் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்திருந்தார்கள். ஃபின்டன் அதை அப்படியே இடிபாடு போடும் இரும்புத் தொட்டிக்குக் கொண்டுபோகப் பார்த்தான். டிம்ப்னாதான் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே கணுக்கால் வரை நீளும் பழுப்பு அங்கி. நெஞ்சில் தங்க நூலில் சிலுவை, இடுப்புக்கு ரிப்பன், வெள்ளைக் காலுறை, ஒரு ஜெபமாலை. அடியில் ஒரு சீட்டு. அதில் சாய்வான கையெழுத்தில் மூன்றே வரி:

கண்ணாடியைக் கழற்றிவிடவும்.
பல் செட்டை மாட்டிவிடவும்.
ரிப்பனை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

அடக்கத்துக்குப் போடும் உடுப்பு அது. நம் ஊரில் கோடித் துணி என்பது மற்றவர்கள் எடுத்துப் போடுவது. இங்கே ஒரு தலைமுறைப் பெண்கள் தங்களுடையதைத் தாங்களே வாங்கி, சாமியாரிடம் மந்திரிக்கக் கொடுத்து, பூச்சி அரிக்காமல் காத்து வைத்திருந்தார்கள். டிம்ப்னா டப்ளினில் மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. ஏதோ கோயில் பாடகர் குழு உடை என்று நினைத்தாள். சீட்டைப் படித்துவிட்டு, பாடுவதற்குப் பல் செட் அவசியம்தானே என்றும் நினைத்தாள்.

அங்கியில் ஈர வாடை அடித்தது. வெளியே பத்து நாளுக்குப் பிறகு வந்த வெயில். அவள் அதை உதறி, சாலையோரத்து ஃபூஷியா பூச்செடி வேலியின் மேல் கைகளை விரித்துக் காயப் போட்டாள்.

3

முதலில் வந்தவர் மாலக்கி. அடுத்த நிலத்துக்காரர், எழுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. டிராக்டரை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு வாளி புது உருளைக்கிழங்கோடு இறங்கினார். முகம் கழுவி, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

"அட்ராக்டா எங்கம்மா? உள்ள படுத்திருக்காளா?"

டிம்ப்னா விழித்தாள். அட்ராக்டா என்ற பெயரை அவள் வீட்டுப் பத்திரத்தில், உரிமையாளர் என்ற இடத்தில், ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அவருக்காகக் கையெழுத்துப் போட்டது அவருடைய அண்ணன் மகன்.

அவள் பதில் சொல்லுமுன் ஒரு கார் வந்து நின்றது. கன்செப்டா இறங்கினார். கோயில் பூச்சாடிகளுக்கும் ஊர் செய்திகளுக்கும் அவர்தான் பொறுப்பு. கையில் ஒரு பூசை அட்டை. இறந்தவருக்காகப் பூசை வைக்கச் சாமியார் கையெழுத்துப் போட்டுத் தரும் அட்டை அது. நேராக வந்து டிம்ப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன் என்றார்.

பிறகு இருவரும் ஒருவர் கையிலிருந்ததை மற்றவர் பார்த்தார்கள்.

"செத்தவளுக்கு யாராவது உருளைக்கிழங்கு கொண்டாருவாங்களா, மாலக்கி?"

"உசுரோட இருக்கறவளுக்கு யாராவது பூசை வைப்பாங்களா?"

இருவருக்கும் காரணம் இருந்தது. நாற்பது வருடமாக, ஜூன் மாதத்தின் முதல் வெயில் நாளில், அட்ராக்டா தன் அங்கியை அந்த வேலியில்தான் காயப் போட்டு வந்தார். இரண்டு வருடமாக அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், வேலி வெறுமையாக இருந்தது. இப்போது வீட்டில் வேலை நடக்கிறது, அங்கியும் வெளியே வந்துவிட்டது, ஆகவே அட்ராக்டா வீடு திரும்பிவிட்டார் என்பது மாலக்கியின் கணக்கு. இல்லத்தில் உயிர் போய்விட்டது, உடுத்திவிட அங்கியை எடுத்து உதறியிருக்கிறார்கள் என்பது கன்செப்டாவின் கணக்கு. யார் கணக்குச் சரி என்று கேட்டு இருவரும் டிம்ப்னாவைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூன்று வாரமாக ஊர் முழுக்க அவளையும் ஃபின்டனையும் அண்ணன் மகன் அனுப்பிய வேலையாட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. விற்பனைப் பலகை நடாமல் முடிந்த விற்பனை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அவங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனைக்கிறேன்," என்றாள். "ஆனா இங்க வரமாட்டாங்க. இந்த வீட்ட நாங்க வாங்கிட்டோம்."

கன்செப்டா அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சாமியார் கையெழுத்துப் போட்டாயிற்று, என்றைக்காவது உதவும் என்றார். கார் போய்விட்டது. மாலக்கி வாளியைக் கீழே வைத்தார். அப்புறம் வெகு நேரம் அதைத் தொடவில்லை.

4

இங்கே அண்ணன் மகன் எண்டா வர வேண்டும். முதல் வரைவில் அவனை நான் ஒழுங்காகக் கெட்டவனாக்கினேன். அங்கியை என்ன செய்வது என்று டிம்ப்னா தொலைபேசியில் கேட்டதும், "தூக்கி எறிங்க, யாருக்கு வேணும்—"

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவனை எனக்குத் தெரியும். லாரி ஓட்டுகிறான். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை இல்லத்துக்கு வந்து, அத்தையின் கால் நகங்களை அவனே வெட்டிவிடுகிறான். அதைச் செய்கிற ஒருவனை வில்லனாக்க எனக்குத் திறமை போதாது. இல்லத்துக்குக் கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் வீட்டை விற்றான். அதற்கான அதிகாரத்தை அத்தைதான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்.

உண்மையில் அவன் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "கேட்டா சொல்லிடணும்னுதான் இருந்தேன். அவங்க வித்துட்டியான்னு கேக்கவே இல்லங்க. கூரை ஒழுகுதான்னுதான் கேட்டாங்க. ஒழுகலன்னு சொன்னேன்."

கூரை ஒழுகவில்லைதான். ஃபின்டன் முதல் வாரமே அதைச் சரிசெய்துவிட்டான்.

5

மாலக்கி கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்து டிம்ப்னா கொடுத்த தேநீரைக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் அட்ராக்டாவைப் பார்க்கப் போவாராம். கடந்த மூன்று ஞாயிறும் அவர் கொண்டுபோன செய்தி, உன் வீட்டில் வேலை மும்முரமாக நடக்கிறது என்பதுதான். புது ஜன்னல், வெள்ளைச் சுண்ணாம்பு, ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க அட்ராக்டாவின் முகம் தெளிந்ததாம். எண்டா பையன் தனக்காகச் செய்கிறான் என்று நர்ஸ்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாளாம். குளிர்காலத்துக்குள் போய்விடலாம் என்று பெட்டி கட்டும் யோசனையில் இருக்கிறாளாம்.

"மூணு வாரமா நான் அவகிட்ட என்னத்தம்மா சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார்.

டிம்ப்னாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொந்தச் சேமிப்பில் நேர்மையாக வாங்கிய வீடு, ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் திருட்டுப் பொருளோடு பிடிபட்டதுபோல நின்றாள். அங்கியை எடுத்து வந்து பெட்டியில் மடித்து வைத்தாள். இதை அட்ராக்டாவிடம் சேர்த்துவிடுவோம் என்றாள்.

மாலக்கி கூடாது என்று தலையை ஆட்டினார். அங்கிக்காகத்தான் அட்ராக்டா மூன்று மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. மார்ச் மாதம் நெஞ்சுச் சளி வந்து பிழைத்ததிலிருந்து, அது இல்லாமல் நான் எப்படிக் கிளம்புவேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் மச்சுப் பலகையைப் பெயர்த்தால்தான் பெட்டி வெளியே வரும். அது அவருக்குத் தெரியும், இரண்டு வருடம் முன் இல்லத்துக்குக் கிளம்பும்போது அதை மேலே வைத்துப் பலகையை ஆணியடிக்கச் செய்தவரே அவர்தானே. அங்கி கைக்கு வந்த நிமிடம், மேற்கு அறையின் மச்சைப் பெயர்த்தது யார் என்று கேட்பார். அடுத்த கேள்வியில் வீடும் போய்விடும்.

அங்கி வராவிட்டால் தூக்கம் இல்லை, வந்தால் வீடு இல்லை. டிம்ப்னா அந்நிய மனுஷி, அவள் போக முடியாது. மாலக்கி தன்னால் ஆகாது என்றார். எண்டாவும் அதையே சொன்னான். கடைசியில் டிம்ப்னா பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமைகளில் அந்த இல்லத்துக்கு முடி சுருட்டிவிடப் போகும் ஒருத்தியைத் தேடிப் போனாள்.

6

முடிவுகள்.

அ. அந்தப் பெண் பெட்டியை அடக்க வேலை பார்ப்பவரிடம் ரகசியமாகக் கொடுத்து வைக்கிறாள். நேரம் வரும்போது அவர் உடுத்திவிடுவார். கச்சிதமான முடிவு. ஆனால் இன்று ராத்திரியும் அட்ராக்டா விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார்.

ஆ. அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அட்ராக்டா சிரித்து, எல்லோரையும் மன்னித்து, டிம்ப்னா தம்பதியை ஆசீர்வதிக்கிறார். இதை இரண்டு பக்கம் எழுதி நானே அழுதேன். காலையில் படித்தால் வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி இருந்தது.

இ. அந்தப் பெண் போய்ச் சேருமுன் அட்ராக்டா இறந்துவிடுகிறார். எழுதுகிறவர்கள் மாட்டிக்கொண்டால் தப்பிக்கும் பின்வாசல் இது. நானும் அந்தக் கதவுவரை போனேன். ஆனால் அட்ராக்டா உயிரோடு இருக்கிறார். இன்று வியாழன், மதியம் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் போட்டிருப்பார்கள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருப்பார்.

ஈ.

7

ஈ-க்கு முன்னால் அந்தப் பொய்.

நான் டிம்ப்னாவுக்கு முடி வெட்டவே இல்லை. நேற்று அவள் வந்தது முடி வெட்டிக்கொள்ள அல்ல. அவள் தேடி வந்த பெண் நான்தான். பெட்டி இந்த மேசைமேல், இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்றிலிருந்து நான் கதை எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு, பெட்டியைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு வருடமாக அட்ராக்டாவின் தலையில் நான்தான் சுருள் மாட்டுகிறேன். முன்னால் கண்ணாடி இருக்கும், ஆனால் அவர் அதைப் பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். ஜூன் பிறந்ததிலிருந்து வாரம் தவறாமல் ஒரே கேள்வி: "அத யாராச்சும் வெயில்ல போட்டாங்களாம்மா?" தெரியவில்லை என்று நானும் வாரம் தவறாமல் சொன்னேன். அப்போது அது உண்மை.

இப்போது மணி இரண்டே கால். மூன்று மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சீப்பு, சுருள்கள், துண்டு எல்லாம் பையில் இருக்கின்றன. பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். காரிலேயே வைப்பேனா, உள்ளே கொண்டுபோவேனா என்பது வண்டியை நிறுத்தும்போது தெரியும்.

ஒன்று மட்டும் நிச்சயம். மூன்றாவது சுருள் மாட்டும்போது அவர் கேட்பார். இன்றைக்கு என்னிடம் உண்மையான பதில் இருக்கிறது. "போட்டாங்க. செவ்வாய்க்கிழமை, உங்க வேலிமேல. நல்ல வெயில்." அதைச் சொல்லிவிடுவேன். அவர் முகம் இளகும், அதைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் கண்ணைத் திறந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யாரு போட்டா?" என்பார்.

இதுவரை நான் கொண்டுவந்துவிட்டேன். வேலி தெரியும், வீடு தெரியும், எண்டாவும் மாலக்கியும் டிம்ப்னாவும் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்கும் இப்போது என்னளவு தெரியும். ஈ-யை நீங்கள்தான் எழுத வேண்டும், சீப்பை உங்கள் கையில் தருகிறேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.