சுடாத புல்

என் மனைவியின் காலைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். அவள் முகத்தைப் பற்றியோ சமையலைப் பற்றியோ ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலைப் பற்றி மட்டும், கேட்டவனுக்கும் சொன்னேன், கேட்காதவனுக்கும் சொன்னேன்.

எனக்குத் தொழில் செயற்கைப் புல் பதிப்பது. வீட்டு முற்றம், ஓட்டல் வாசல், உடற்பயிற்சிக் கூடம், எங்கே கூப்பிட்டாலும் போவோம். மண்ணை நாலு விரல் ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, ஜல்லித்தூள் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தி, மட்டம் பார்த்து, அதன் மேல் புல் சுருளை விரிக்க வேண்டும். இரண்டு சுருள் சேருகிற இடத்தில் புல் ஒரே பக்கமாகச் சாய்கிறதா என்று பார்த்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் நடு வகிடு எடுத்த தலை மாதிரி கோடு தெரியும். நாங்கள் இருக்கிற ஊரில் வருஷத்துக்குப் பத்து மாதம் வெயில். நிஜப் புல்லை வளர்த்துப் பார்த்து நொந்துபோனவர்கள்தான் எங்களிடம் வருவார்கள்.

பதிப்பது நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பி. போன் எடுப்பது, ஆர்டர் எழுதுவது, வாடிக்கையாளரிடம் நல்லபடியாகப் பேசுவது எல்லாம் அவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் போனை என் கையில் கொடுக்கவே மாட்டாள். "பச்சைப் பொய் விக்கிறவர் வீடுதாங்க, சொல்லுங்க" என்று ஒரு தடவை ஒரு ஓட்டல்காரரிடம் சொல்லிவிட்டாள். நான் கத்தினேன். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்து, மறுநாளே வந்து அளவெடுக்கச் சொன்னார்.

இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வெயிலில் சுடுமா? உண்மையான பதில், சுடும். மத்தியானத்தில் கொதிக்கும். தண்ணீர் தெளிக்க வேண்டும், பந்தல் போட வேண்டும், செருப்பு போட்டு நடக்க வேண்டும். அதைத்தான் நானும் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் "யோசிச்சு சொல்றோம்" என்று போனார்கள், திரும்பி வரவில்லை.

அப்புறம் ஒரு வேலையில் மிஞ்சிய துண்டுகளை எங்கள் மொட்டை மாடியில் ஒட்டினேன். துணி காயப்போட உச்சி வெயிலில் என் மனைவி வெறுங்காலோடு ஏறி வந்தாள்.

"சுடலையா?" என்றேன்.

"இல்லையே. மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருக்கு."

நான் பூட்ஸ் காலோடு நின்றுகொண்டிருந்தேன். வேலையில் எங்களுக்குக் காலுக்கு பூட்ஸ், முட்டிக்கு மெத்தை, கைக்கு உறை. பன்னிரண்டு வருஷமாகப் புல் பதிக்கிறவன், ஒரு நாள்கூட என் கால் அதன் மேல் பட்டதில்லை. அவளுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மூளை இல்லை. சரக்கு நல்ல சரக்கு என்று நினைத்தேன். அன்றிலிருந்து, சுடுமா என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான். "என் வீட்டம்மா மத்தியானம் ரெண்டு மணிக்கு வெறுங்கால்ல நடக்குறா. வந்து பாருங்க."

வந்து பார்க்க யாரும் வரவில்லை. நம்பிவிட்டார்கள்.

நம்பாதவர் ஒருவர்தான். சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற அம்மா. லீவு முடிவதற்குள் விளையாட்டுத் திடல் முழுக்கப் புல் வேண்டும், ஆனால் குழந்தைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும், அதனால் முதலில் ஒரு துண்டு விரித்துக் காட்டுங்கள் என்றார். விரித்தோம். வெயில் ஏறட்டும் என்று மத்தியானம்வரை காத்திருந்தார். பிறகு ஒரு செருப்பைக் கழற்றிக் கால் விரலை வைத்தார், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"சுடுதே."

"அது உங்களுக்குச் செருப்போடயே பழகின கால் மேடம். அப்படித்தான் தெரியும்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு நிமிஷம் இருங்க" என்று வீட்டுக்குப் போன் போட்டேன்.

கால் மணி நேரத்தில் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பை ஓரமாக விட்டாள், ஏறி நடந்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை, அங்கிருந்து இந்த முனை. அப்புறம் நடுவில் நின்றுகொண்டு அந்த அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். குழந்தைகள் எத்தனை பேர், எத்தனை ஆயா, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று. அவளுக்கு ஆள் கிடைத்தால் போதும். மாடியில் ஈரத்துணி சொட்டிய இடத்தில் அஞ்சு நிமிஷம் நிற்பது வேறு. இங்கே முழுசாக இருபது நிமிஷம் நின்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். என் ஜென்மத்தில் அவளைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"எனக்குத்தான் கால் ரொம்ப மென்மை போல" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் தட்டினாள். "உங்க மானத்தைக் காப்பாத்திட்டேன். ஞாபகம் இருக்கட்டும்."

மூன்றாம் நாள் கூடத்துத் தரையில் ஈரமாக அடித்தடம் தெரிந்தது.

"தண்ணி கொட்டிட்டியா?"

"இல்லையே."

உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாதத்தில் பெரிய கொப்புளம் உடைந்து தோல் தனியாகத் தொங்கியது. அவளும் எட்டிப் பார்த்தாள். "அட, இது எப்போ?" என்றாள். எனக்கு ஆத்திரம் செருப்பின் மேல் வந்தது. மலிவுச் செருப்பு வாங்காதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தி, இரண்டையும் எடுத்துத் தெருவில் வீசினேன். களிம்பு தடவிக் கட்டுப் போட்டோம். வலி இல்லை என்றாள். வலி இல்லையென்றால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தோம். அந்த நினைப்பில் பத்து நாள் போனது. பதினோராம் நாள் காய்ச்சல், அறைக்குள் வாடை. மச்சான்தான் வந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சான் பண்ணிட்டு இருக்கீங்க?" என்று என் மேல் பாய்ந்தான், அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு மெல்லிய நைலான் இழையால் இடது பாதத்தில், நல்ல பாதத்தில், குத்தினார். விரல் நுனியில், நடுவில், குதிகாலில்.

"படும்போது சொல்லுங்கம்மா."

"சரிங்க."

குத்திக்கொண்டே போனார். அவள் கண்ணை மூடியபடி பொறுமையாக இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் தயாருங்க டாக்டர், ஆரம்பிங்க" என்றாள்.

அவர் இழையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"எதுல சுட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"நான் எங்கேயும் சுட்டுக்கலையே" என்று கண்ணைத் திறந்தவள், என் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த நொடியில்தான் புரிந்துகொண்டோம். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்போ அந்த ஸ்கூல் அம்மாவுக்கு நிஜமாவே சுட்டிருக்கு" என்றாள்.

காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார்கள். முதலில் இரண்டு விரல் போனது. ஒரு வாரம் கழித்து, சீழ் கணுக்காலைத் தாண்டிவிட்டது, முட்டிக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார்கள். அதைக் கேட்டதும் நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நீங்கள் எல்லாம் என்ன டாக்டர் என்று சத்தம் போட்டேன். மச்சான் என்னைப் பிடித்து வெளியே இழுத்துப் போக வேண்டியிருந்தது.

நான் திரும்பி வந்தபோது கையெழுத்துப் போடுகிற தாள் அவள் மடியில் இருந்தது.

"மொதல்ல அந்த ஸ்கூலுக்குப் போன் போடுங்க" என்றாள்.

"இப்போ அதுவா முக்கியம்?"

"அடுத்த வாரம் ஸ்கூல் திறக்குது. அதுக்குள்ள புல்லு போடுறதா தம்பி சொன்னான். அத்தனையும் சின்னக் கால். நீங்க சொன்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அவளிடம் பேச்சில் ஜெயிக்க முடியாது. போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "மேடம், உங்க கால் சொன்னதுதான் சரி. புல்லு சுடும்" என்றேன். மறுமுனையில் அந்த அம்மா குழம்பினார். "ஆனா உங்க வீட்டம்மா நடந்தாங்களே" என்றார். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்குக் கால்ல உணர்ச்சியே இல்லைங்க. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அவரைத் தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். கையெழுத்தை நிதானமாக, ஆர்டர் சீட்டில் போடுகிற மாதிரியே போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. மயக்கம் தெளிகிறவரை பக்கத்தில் இருந்தேன். போர்வை ஒரு பக்கம் கடைசிவரை மேடாக இருந்தது, இன்னொரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். முகம் சுருங்கியது.

"ஏங்க, சுடுது."

"எங்கம்மா?"

"பாதம். வலது பாதம். நெருப்பு மேல வச்ச மாதிரி சுடுதுங்க. எடுங்க, அதுலேர்ந்து என் காலை எடுங்க."

நர்ஸிடம் ஓடினேன். சிலருக்கு அப்படித்தான், இல்லாத கால் வலிக்கும், ஊசி போட்டிருக்கிறோம், அடங்க நேரமாகும் என்றார். திரும்பி வந்தால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. துண்டை எடுத்துக் குழாயில் நனைத்துப் பிழிந்து, போர்வை தட்டையாக இருந்த இடத்தில் விரித்து வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழே" என்றாள்.

கீழே நகர்த்தினேன். காய்ந்ததும் மறுபடி நனைத்தேன்.